மூன்று நாள் தீவும் ஒரு கவிதையும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குத் தரப்பட்டிருக்கும் தலைப்பு ‘பயணமும் படைப்பும்’. தலைப்பு பெரிது, நான் பெரும் பயணி அல்லன். நாகர்கோவிலில் பிறந்து, இங்கேயே வேலை பார்த்து, இங்கேயே ஓய்வு பெற்றவன். ஆகவே உலகப் பயண இலக்கியங்களை அலசும் தகுதி எனக்கில்லை. 2025-ஆம் ஆண்டு காலாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு ஒரு தீவுக்குச் சென்று வந்தேன். மூன்றே நாள். அதைப் பற்றி மட்டும் பேச அனுமதி வேண்டுகிறேன்.

அதற்கொரு காரணமும் உண்டு. பத்தாண்டுகளில் நம் கூட்டங்களில் வாசிக்கப்பட்ட கவிதைகளுள் சிலவற்றை விழா மலரில் மறு அச்சு செய்யப் பதிப்புக் குழுவினர் தேர்ந்தெடுத்தார்கள். 2016-இல் நான் வாசித்த தனுஷ்கோடிக் கவிதையும் அவற்றில் ஒன்று. இசைவு கேட்டு வந்த கடிதத்திற்கு, ‘அக்கவிதையை விட்டுவிடுங்கள்’ என்று ஒரு வரியில் பதில் எழுதினேன். சிலர் அதை அடக்கம் என்று எண்ணினார்கள். சிலர் மனத்தாங்கல் என்று எண்ணியதாகவும் கேள்விப்பட்டேன். இரண்டும் இல்லை. என்ன என்பதைச் சொல்ல இந்த மேடையை விட்டால் எனக்கு வேறு இடம் இல்லை.

பயணம் தொடங்கிய கதையிலிருந்து வருகிறேன். சென்னையில் இருக்கும் என் மகள், எட்டு வயது மகனுக்கு விடுமுறை என்பதால் ஒரு தீவுக்குப் போக வேண்டும் என்றாள். அவள் மனத்தில் இருந்தது மாலத்தீவு. திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். சென்னையை விட மாலே நமக்குப் பக்கம் என்று வாதாடினாள். வாதத்தில் பிழை இல்லை. பிழை என் ஓய்வூதியத்தில் இருந்தது. அதோடு என் அம்மைக்கு எண்பத்து மூன்று வயது. கடவுச்சீட்டு என்ற ஒன்றை அவள் கண்ணால் கண்டதில்லை. இந்த வழக்கு இரண்டு நாள் நடந்தது. மூன்றாம் நாள் காலையில் அம்மை கஞ்சி குடித்துக்கொண்டே தீர்ப்பு வழங்கினாள்: “தீவுதானே மக்கா வேணும்? ராமேஸ்வரமும் தீவுதானே. எனக்கு தனுஷ்கோடியை ஒருக்கா பாக்கணும்.”

இப்படித்தான் ஐந்து பேர் புறப்பட்டோம். ஐந்து பேரும் ஐந்து தீவுகளுக்குப் போனோம் என்பது பிறகு தெரிந்தது. என் மனைவி போனது இருபத்திரண்டு தீர்த்தங்களுக்கு. மகள் போனது கடற்கரைக்கு. பேரன் போனது மேலே தூக்கும் பாலத்துக்கு. நான் போனது, வெட்கத்தோடு சொல்கிறேன், என் கவிதையைப் பார்க்க. தனுஷ்கோடியைப் பற்றி எழுதிக் கைதட்டல் வாங்கிய நான் அதுவரை தனுஷ்கோடியைப் பார்த்ததில்லை. இங்கே இருப்பவர்களில் ஒருவரும் அன்று என்னிடம் அதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இரவு நாகர்கோவிலில் ஏறினோம். மட்டிப்பழக் குலை ஒன்றை முழுதாகக் கொண்டு வருவேன் என்று அம்மை பிடிவாதம் பிடித்ததும், அதை வைக்க இடமின்றி என் மனைவி அதைக் குழந்தை போல மடியில் வைத்துக்கொண்டு வந்ததும் தனிக் கதை. அம்மை உறங்கவில்லை. அவளுடைய முதல் தனுஷ்கோடிப் பயணம் 1953-இல் நடந்தது. அப்போது அவளுக்குப் பதினொரு வயது. அன்று நாகர்கோவிலுக்கு ரயில் கிடையாது. நம் ஊருக்கு இருப்புப்பாதை வந்தது 1979-இல்தான். நாம் அன்று திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தோம். ஆரல்வாய்மொழி தாண்டினால் சென்னை மாநிலம். பஸ்ஸில் திருநெல்வேலி, அங்கிருந்து ரயிலில் மதுரை, பிறகு மானாமதுரை, கடைசியில் தனுஷ்கோடி. கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு பலசரக்குக் கடைக்குக் கணக்கெழுதப் போன தன் அப்பாவைக் கப்பலேற்றிவிட, அவள் தாயோடும் மாமனோடும் போன பயணம் அது.

விடியலில் பாம்பன் வந்தது. 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் திறக்கப்பட்ட புதிய பாலத்தின்மேல் வண்டி ஊர்ந்தது. நாங்கள் சென்றபோது பழைய பாலமும் பக்கத்தில் நின்றது. 1914-இல் திறந்த பாலம் அது. 2022 டிசம்பரோடு அதன்மேல் ரயில் ஓடுவது நின்றுபோயிற்று. பழையதன் நடுப்பகுதி இரு கைகள் போல விரிந்து கப்பலுக்கு வழிவிடும். ஆட்கள் நின்று கையால் சுற்றித் திறப்பார்கள். புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத்துண்டு அப்படியே 17 மீட்டர் உயரத்துக்கு எழும்புகிறது. பேரன் இந்தக் கணக்கையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்து எங்களுக்குப் பாடம் எடுத்தான். அம்மை சன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டு பழைய பாலத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். “இதுலதான் போனோம். கண்ணை மூடிக்கோன்னு எங்கம்மை சொன்னா. நான் மூடல்ல” என்றாள்.

முதல் நாள் கோயில். அதைப் பற்றி என் மனைவியைப் பேசச் சொன்னால் மணிக்கணக்கில் பேசுவாள். நான் கடந்து போகிறேன். இருபத்திரண்டு தீர்த்தத்திலும் நனைந்து, ஈரச் சேலையோடு அவள் வெளியே வந்தபோது முகத்தில் இருந்த நிறைவை, நானறிந்த எந்தக் கவிதை வாசிப்பிலும் எந்தக் கவிஞன் முகத்திலும் கண்டதில்லை என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

இரண்டாம் நாள் தனுஷ்கோடி. அரிச்சல்முனை வரை 2017 முதல் நல்ல தார்ச்சாலை உண்டு. இடப்புறம் ஒரு கடல், வலப்புறம் ஒரு கடல். ஒன்று குளம் போலக் கிடக்கிறது, மற்றது கொந்தளிக்கிறது. நடுவில் உடைமரங்கள், குடை விரித்தது போல் தட்டையான தலையோடு. மணலெங்கும் அடும்பு படர்ந்திருந்தது. நம் முட்டத்திலும் மணக்குடியிலும் கிடக்கும் அதே கொடி. பேரன் அதன் இலையைப் பறித்து, “தாத்தா, மான் குளம்பு மாதிரி இருக்கு” என்றான். சங்கப் புலவர்கள் கண்ட உவமையைப் பையன் தானே கண்டுவிட்டான். என் கவிதையில் அடும்பு கிடையாது. உடைமரமும் கிடையாது. என்ன இருந்தது என்று உங்களில் பலருக்கு நினைவிருக்கும்: கூரையற்ற தேவாலயச் சுவர், நீருக்கடியில் ஒலிக்கும் மணி, நிலவு, திரும்பாத ஒரு கப்பல். அந்த ஊரைக் கடல் ஒன்றே நினைவில் வைத்திருக்கிறது என்று முடித்திருந்தேன். வாசித்து முடித்ததும் அரங்கு சற்று நேரம் அசையாதிருந்தது. கைதட்டலைவிட அந்த அமைதி எனக்கு இனித்தது.

தேவாலயச் சுவர் இருக்கிறது, அது பொய்யில்லை. வண்டியை அங்கே நிறுத்தினோம். நூறு பேராவது அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் சங்கு, சிப்பி விற்கும் கடைகள், மீன் பொரிக்கும் கடைகள். அம்மை சுவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. கோலை ஊன்றிக்கொண்டு மணலில் எதிர்ப்பக்கம் நடந்தாள். அங்கே ஓலை வேய்ந்த சில வீடுகள். ஒரு பெண் மணலில் தோண்டிய சிறு குழியருகே குந்தியிருந்து, கிண்ணத்தால் நீர் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். அம்மை அவளிடம் போய், நலம் கூட விசாரிக்காமல், “கப்பல் எந்த இடத்துல நிக்கும் மக்களே?” என்று கேட்டாள்.

அந்தப் பெண் திகைக்கவில்லை. எழுந்து நின்று கையை நீட்டிக் காட்டினாள். “எங்கப்பா அந்தா அங்கனதான்னு சொல்லும் பாட்டி. இப்பத் தண்ணியாக் கெடக்கு.” பிறகு இருவரும் மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். அம்மை சொல்லிக்கொண்டே போனாள்: ரயில் கப்பலடி வரைக்கும் போகும்; சுங்கத்துக்காரர்கள் மூட்டையைப் பிரிப்பார்கள்; டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வார்; போர்ட்டர்களின் கூச்சல் காதைப் பிளக்கும்; கருவாட்டு வாடையில் அவளுக்குக் குமட்டியது; மாமன் ஒரு கடையில் இட்டிலி வாங்கித் தந்தான்; சாம்பாரில் உப்பு கூடுதல். ‘கோஷன்’ என்ற கப்பல் பெயரை எழுபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் அவள் ‘கோசன்’ என்று பிசகாமல் சொன்னாள். அந்தப் பெண்ணோ தன் தகப்பனிடம் கேட்ட கதைகளை அம்மையின் கதைகளோடு ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சற்றுத் தள்ளி நின்றேன். ஏதாவது கேட்க வேண்டுமே என்று, “இரவில் இங்கே யாராவது தங்குவதுண்டா?” என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “தங்காம எங்க போக சார்? வீடு இருக்கு, வலை இருக்கு. புள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கு. வாறவுக எல்லாம் அந்த இடிஞ்ச கோயிலத்தான் படம் எடுக்குறாக. படத்துல விழுந்துருவோம்னு எங்களக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்றாக.”

பிறகு குடத்துத் தண்ணீரை அம்மைக்குக் கொடுத்தாள். இரு கடலுக்கு நடுவே, கையளவு ஆழத்தில், தேங்காய்த் தண்ணீர் போல இனிக்கும் நீர். மழை நீர் மணலில் இறங்கி, கனத்த உப்பு நீரின்மேல் மிதந்து நிற்கிறது; ஆழத் தோண்டினால் உப்பு ஏறிவிடும், மேலாக மெல்ல மொள்ள வேண்டும். அந்த அளவை அறிந்த கை அவளுடையது.

நண்பர்களே, 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவில் அங்கே நடந்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை. பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணி வண்டி ஊரை எட்டுவதற்குள் அலையில் போயிற்று. அதில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஊரே வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. எல்லாம் தெரிந்ததுதான். நான் யோசித்துப் பார்க்காத ஒன்று உண்டு. அதே புயலில் பாம்பன் பாலத்தின் பெரும்பாலான உத்தரங்கள் பெயர்ந்து விழுந்தன. இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலத்தை மீட்டெடுத்தார்கள். தனுஷ்கோடிக்குப் போன பாதையை மீண்டும் போடவே இல்லை. அதற்கு முன் தனுஷ்கோடிக்குப் போனதே முதன்மைப் பாதை. ராமேஸ்வரம் ஒரு கிளை. புயல் அடித்தது ஓர் இரவு. ஊர் இல்லாமற் போனது, அதன்பின் மனிதர்கள் செய்த முடிவாலும்தான். அந்த முடிவையும் மீறிச் சிலர் திரும்பி வந்து அதே மணலில் குடிசை போட்டார்கள். என் கவிதையில் எல்லாவற்றையும் கடல் தலையில் சுமத்திவிட்டு, திரும்பி வந்தவர்களைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லியிருந்தேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கவிதையில் வரும் ‘திரும்பாத கப்பலில்’ போனவர் என் பாட்டா. அரங்கை உறைய வைத்த இடமே அதுதான். தனுஷ்கோடியிலிருந்து திரும்பும் வழியில் அம்மையிடம் அந்தக் கவிதையைப் பற்றிப் பேச்செடுத்தேன். 2016-இல் வீட்டில் அவளுக்கு வாசித்துக் காட்டியபோது, “இட்டிலிக் கடையை ஏன் எழுதல்ல?” என்று அவள் கேட்டதும், நான் புன்னகைத்துத் தாளை மடித்ததும் இருவருக்கும் நினைவிருந்தது. இப்போது சொன்னாள்: “அது கிடக்கட்டும். எங்கப்பா திரும்பி வந்தாருல்லா மக்கா. ஆறு வருசம் கழிச்சு டிரங்குப் பெட்டியும் குடையுமாட்டு வாசல்ல வந்து நிண்ணாரே. உன்னைத் தூக்கி வச்சிருக்காரே. அவரை ஏன் கடலுக்குள்ள போட்டே?”

என்னிடம் பதில் இல்லை. அவர் 1959-இல் திரும்பி வந்தார். பல ஆண்டுகள் இருந்தார். தன் கட்டிலில் இறந்தார். ஒரு நல்ல முடிவுக்காக அவரை நான் மூழ்கடித்தேன்.

இதை நம் வட்டத்து நண்பர் ஒருவரிடம் சொன்னபோது அவர் மறுத்தார். கவிதை செய்தியறிக்கை அன்று. காணாததைக் காண்பதே கற்பனை. நெய்தல் பாடிய சங்கப் புலவர் எல்லாரும் கடற்கரையிலா குடியிருந்தார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு விடை தேடித்தான் அகநானூற்றைப் புரட்டினேன். எழுபதாம் பாட்டு, மதுரைத் தமிழ்க்கூத்தன் கடுவன் மள்ளனார் பாடியது. பாண்டியரின் மிகப் பழைய கோடி அதில் வருகிறது. தனுஷ்கோடியே அது என்று கொள்வார் உளர். அக்கோடித் துறையில் விழுதுகள் தொங்கும் ஓர் ஆலமரம். இராமன் மறைபொருள் ஆராய்ந்தபோது அம்மரத்துப் பறவைகளின் ஒலியை அடக்கினான். அதுபோலத் தலைவியின் மணம் உறுதியானதும் ஊரின் அலர் அடங்கிற்று என்பது பாட்டு. கவனியுங்கள். அந்தப் புலவருக்கும் அமைதிதான் தேவைப்பட்டது. அந்த அமைதிக்கு முன் ஓயாத பறவைக் கூச்சலை வைத்தார், ஊர்ப் பேச்சை வைத்தார். பரதவர் வலையில் பட்ட மீனைப் பங்கிடும் புலால் மணக்கும் சிறுகுடியையும் வைத்தார். என்ன மீன் என்றும் சொல்கிறார்: அயிலை. வெளியூரில் கானாங்கெளுத்தி என்பார்கள். இன்றும் நம் வடசேரிச் சந்தையில் அயிலை என்று கேட்டால்தான் தருவார்கள். அவர் கடற்கரையில் குடியிருந்தாரா என்பது எனக்குத் தெரியாது. மீனின் பெயர் கேட்டு வைத்திருக்கிறார். நெய்தலுக்கு இரங்கல் உரிப்பொருள் என்று படித்த நான், கருப்பொருள் அத்தனையும் விட்டுவிட்டு இரங்கலை மட்டும் எடுத்துக்கொண்டேன். நண்பருக்கு நான் தரும் விடை இதுதான். அவர் இன்னும் உடன்படவில்லை, நட்பில் குறைவில்லை.

இறுதியாக, சொல்லத் தயங்கிக்கொண்டிருந்த ஒன்று. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் நம் மாவட்டத்தைத் தாக்கியது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, நீரோடி என்று கடலோர ஊர்களிலிருந்து போனவர்கள் திரும்பாத அந்த டிசம்பரில் நம் வட்டம் ஓர் இரங்கல் கூட்டம் நடத்தியது. மலையோர ஊரிலிருந்து வந்த ஓர் இளைஞர் கடல் பற்றி ஒரு கவிதை வாசித்தார். நான் எழுந்து கடுமையாகப் பேசினேன். ஒரு படகின் பெயர் தெரியுமா, ஆழ்கடலுக்கு எத்தனை நாள் போகிறார்கள் என்று தெரியுமா, துயரத்தைத் தூரத்திலிருந்து அலங்கரிக்காதீர்கள் என்றேன். பலர் ஆமோதித்தீர்கள். அந்த இளைஞர் ஒன்றும் பேசாமல் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு அவர் நம் கூட்டங்களுக்கு வருவது குறைந்தது. பின்பு நின்றே போயிற்று. நான் சொன்னவற்றில் ஒரு சொல்லும் தவறில்லை. ஆனால் அவற்றைச் சொல்லும்போது, ஓராண்டுக்கு முன் இதே மன்றத்தில் வாசித்த என் கவிதை இந்த அலமாரியில்தான் இருந்தது.

சென்ற மாதம் அவரைத் தேடிப் போனேன். ஊரிலேயே ரப்பர் தோட்டத்து வேலையில் இருக்கிறார். அவர் அன்று தாமாக எழுதவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அவருடைய அக்காளை வள்ளவிளைப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். கூட்டத்துக்கு முந்திய வாரம் முழுவதும் அவர் அக்காள் வீட்டில் இருந்திருக்கிறார். அதை ஏன் அன்று சொல்லவில்லை என்று கேட்டேன். “நீங்க கேக்கல்லியே அண்ணாச்சி” என்றார்.

அந்தக் கவிதையின் கைப்படி அவரிடம் இருந்தது. கெஞ்சி வாங்கி வந்திருக்கிறேன். இதோ, இந்த உறையில் இருக்கிறது. அச்சிட இசைவு தந்திருக்கிறார். மலரில் என் கவிதைக்கு ஒதுக்கிய பக்கம் காலியாக இருப்பதாகப் பதிப்பாசிரியர் சொன்னார். அந்தப் பக்கத்தில் இதை இடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.